தோள் பட்டுப் பளபளத்த மூங்கில்

(ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. கையில் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பெண்கள் வரலாற்றுக்கான அருங்காட்சியகங்கள் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பான் நகரில் 1981-இல் தொடங்கியதுதான் இந்த வகையில் உலகத்திலேயே முதலாவது என்பார்கள். அதிலிருந்து ஆரம்பித்தால் இன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது. அதனால் நான் பார்த்த ஒரே ஒரு இடத்தைப் பற்றிப் பேசுகிறேன். வியட்நாமின் தலைநகர் ஹனோயில் இருக்கும் வியட்நாம் பெண்கள் அருங்காட்சியகம்.

அதற்கு முன்னால் ஒரு சங்கடம். அருங்காட்சியகம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? வாள், கேடயம், செப்பேடு, காசு. எல்லாம் கெட்டியான சாமான்கள். ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தாலும் கிடக்கும். பெண்கள் கையில் புழங்கியவை அப்படியா? முறம் பிய்ந்தால் அடுப்புக்குள் போகும். புடவை நைந்தால் தூளியாகும், அப்புறம் கரித்துணி. பித்தளை என்றால் இன்னும் மோசம், எடைக்குப் போய்விடும். என் பாட்டியின் வெற்றிலைச் செல்லமும் சுண்ணாம்புக் கரண்டகமும் ஒரு எவர்சில்வர் குடத்துக்கு மாற்றாகப் போயின. போட்டது என் அம்மா. பக்கத்தில் நின்று புதுக்குடத்தைத் தட்டிப் பார்த்தது நான்.

இது ஹனோயில் போய்த்தான் உறைத்தது. அங்கே திருமணச் சடங்குகளைக் காட்டும் பகுதியில் வெற்றிலையும் பாக்கும் இருந்தன. அவர்களுக்கும் அது இல்லாமல் சம்பந்தம் பேச முடியாது. ஒரு வாய் வெற்றிலையில்தான் பேச்சு தொடங்கும் என்று பழமொழியே உண்டு. அந்த ஊர்ச் சுண்ணாம்புக் குடுவை சின்ன மண்கலயம் மாதிரி இருக்கும். குச்சியால் எடுத்து எடுத்து, வாய் ஓரத்தில் சுண்ணாம்பு படிந்து இறுகி, வருஷக்கணக்கில் வாய் குறுகிக்கொண்டே வரும். ஒருநாள் அடைத்துவிடும். அடைத்த குடுவையைக் குப்பையில் போட மாட்டார்கள். ஆலமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதைக் குடுவை என்று மொட்டையாகச் சொல்வதும் கிடையாது, தாத்தாவுக்குக் கொடுக்கிற மரியாதையோடுதான் சொல்வார்கள். தினமும் எடுத்துப் புழங்கியவள் பாட்டி, மரியாதை என்னவோ தாத்தாவுக்கு. சரி, அதை விடுங்கள்.

அருங்காட்சியகத்துக்கு வருவோம். 1987-இல் நிறுவி, 1995-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நடத்துவது வியட்நாம் பெண்கள் சங்கம், அதாவது 1930-இல் தொடங்கி, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியோடு சேர்ந்து வளர்ந்த அமைப்பு. ஆகவே அரசாங்கம் எதைச் சொல்ல விரும்புகிறதோ அதுதான் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

1987-இல் அந்தச் சங்கத்தின் தலைவி யார் தெரியுமா? நுயென் தி தின். அந்த நாட்டை அப்போது ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் சிறையில் இருந்தவர். கணவரை அவர்களுடைய தீவுச் சிறையில் பறிகொடுத்தவர். 1960-இல் தெற்கே பென் ட்ரே மாகாணத்தில், அமெரிக்க ஆதரவோடு இருந்த தென் வியட்நாம் அரசுக்கு எதிராக நடந்த எழுச்சிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். அந்த எழுச்சியில் பெண்கள் துப்பாக்கி தூக்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்கள். கூட்டம் கூட்டமாக, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போய், 'உங்கள் சிப்பாய்கள் எங்களை அடிக்கிறார்கள், சுடுகிறார்கள், நியாயம் சொல்லுங்கள்' என்று உட்கார்ந்துவிட்டார்கள். இவர்களை எப்படிச் சுடுவது? 'நீண்ட கூந்தல் படை' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. நுயென் தி தின் பிற்பாடு தென் வியட்நாம் விடுதலைப் படையின் துணைத் தளபதியானார். 1992-இல் இறந்தார். அருங்காட்சியகத்தின் கதவு திறந்ததை அவர் பார்க்கவில்லை.

நிரந்தரக் காட்சியில் மூன்று பகுதிகள். குடும்பத்தில் பெண், வரலாற்றில் பெண், பெண்களின் உடை அலங்காரம். மூன்றாவதில் 54 இனங்கள் வாழும் நாட்டின் நெசவும் வெள்ளி நகைகளும் கண்ணைப் பறித்தன. ஆனாலும் நான் அங்கே அதிகம் நிற்கவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது முதல் இரண்டு தலைப்புகள்தான். குடும்பம் தனி, வரலாறு தனி என்று பிரித்தது யார்? பிள்ளை பெற்றதும் நாற்று நட்டதும் ஒரு பக்கம், போரும் கொடியும் இன்னொரு பக்கம். பெண்களுக்கென்றே கட்டிய கட்டடத்துக்குள்ளும் அந்தப் பழைய சுவர் எழும்பிவிட்டதே என்று பட்டது.

அந்தச் சுவர் நிற்காது என்பதற்கு அவர்கள் நாட்டிலேயே ஒரு அம்மா சாட்சி. குவாங் நாம் மாகாணத்தைச் சேர்ந்த நுயென் தி தூ. (பெயர்கள் ஒன்றுபோல இருக்கின்றனவே என்று குழம்ப வேண்டாம். நுயென் அங்கே பரவலான குடும்பப் பெயர், 'தி' பெண் என்பதற்கான அடையாளம்.) இவர் போர்களில் இழந்தது ஒன்பது மகன்கள், ஒரு மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள். கடைசி மகன் இறந்தது 1975 ஏப்ரல் 30-ஆம் தேதி, தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் விழுந்து போர் முடிந்த அதே நாள். வியட்நாமில் பலருக்கும் தெரிந்த புகைப்படம் ஒன்று உண்டு. வயதான அந்த அம்மா சாப்பாட்டுத் தட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் ஒன்பது கிண்ணங்கள், ஒன்பது ஜோடிக் குச்சிகள்.

இப்படிப்பட்டவர்களுக்கு 'வீரத்தாய்' என்று ஒரு பட்டத்தை அரசாங்கம் 1994-இல் ஏற்படுத்தியது. அருங்காட்சியகத்தில் வீரத்தாய்களின் முகங்களைப் பார்க்கலாம். எனக்கு அங்கே தொண்டை அடைத்தது, மறைக்க மாட்டேன். ஆனால் வெளியே வந்த பிறகு ஒரு கேள்வியும் வந்தது. பட்டம் எத்தனை பேரைப் பறிகொடுத்தாய் என்று எண்ணிக் கொடுக்கப்படுகிறது. நுயென் தி தூ தன் தோட்டத்தில் பதுங்குகுழிகள் வெட்டிப் போராளிகளை ஒளித்து வைத்தவர். பிடிபட்டிருந்தால் அவர் உயிரும் போயிருக்கும். அந்தத் துணிச்சல் இந்தப் பட்டத்தின் கணக்கில் வருவதில்லை. பிள்ளைகளைத் தந்தவள் என்றுதான் கல்லிலும் வடித்திருக்கிறார்கள், தாம் கி நகரத்தில் மலை போன்ற சிலை. 2010-இல், 106 வயதில் அவர் காலமானார்.

குறை சொல்வதோடு நிறுத்தினால் நியாயமில்லை. அந்த அருங்காட்சியகம் செய்த மிகப் பெரிய காரியம் என்று நான் நினைப்பது, சுமை தூக்கும் ஒரு மூங்கில் கம்பைக் காட்சிக்கு வைத்ததுதான். நம் காவடித் தண்டு மாதிரிதான். இரண்டு முனையிலும் கூடை தொங்கும். நாட்டின் வடிவத்தையே அவர்கள் அந்தக் கம்புக்கு ஒப்பிடுவார்கள்: வடக்கிலும் தெற்கிலும் நெல் விளையும் இரண்டு ஆற்றுப்படுகைகள் இரண்டு கூடைகள், நடுவில் ஒல்லியான நிலம் கம்பு. கிட்டே போய்ப் பார்த்தால் அதன் நடுப்பகுதி மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோலப் பளபளவென்று இருக்கும். தோள் பட்டுப் பட்டு வந்த மினுமினுப்பு. கம்பு வளைந்து நிமிர்கிற தாளத்துக்கு நடையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சுமை நம்மைத் தள்ளிவிடும்.

தெருவில் சுமந்து விற்கும் பெண்களைப் பற்றிய படம் ஒன்றும் அங்கே ஓடுகிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, ஒரே அறையில் பல பேர் படுத்து, விடிவதற்கு முன் மொத்தச் சந்தையில் பழமும் காயும் வாங்குகிறார்கள். சம்பாதித்தது பள்ளிக் கட்டணமாக ஊருக்குப் போகிறது. அவர்களே பேசுகிறார்கள், யாரும் அவர்களுக்காகப் பேசவில்லை. இதே நகரத்தின் நிர்வாகம்தான் 2008-இல், நெரிசல், அழகு என்று காரணம் சொல்லி, 62 தெருக்களில் தெரு வியாபாரத்துக்குத் தடை போட்டது.

நான் வெளியே வந்தபோது நடைபாதை ஓரத்தில் ஒரு அம்மா கூடைகளை இறக்கி வைத்திருந்தார். கொய்யாப்பழம். விரல்களைக் காட்டித்தான் விலை பேசினோம். தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். சில்லறையை என் கையில் வைத்துவிட்டு, கம்பைத் தோளில் ஏற்றி, இரண்டு வாகனங்களுக்கு நடுவில் புகுந்து போய்விட்டார்.