சாம்பலுக்கும் ஒரு டிக்கெட்

1907 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளின் கடற்கரையான கோனி ஐலண்டில் இருந்த ஸ்டீபிள்சேஸ் கேளிக்கைப் பூங்கா எரிந்து தரைமட்டமானது. முதலாளி ஜார்ஜ் டில்யூ தலையில் கை வைத்து உட்காரவில்லை. வாசலில் ஒரு பலகை வைத்தார். 'இதே இடத்தில் இதைவிடப் பெரிய பூங்கா வரும்' என்று அறிவித்துவிட்டு, கடைசி வரியில் எழுதினார்: எரியும் இடிபாடுகளைப் பார்க்கக் கட்டணம் 10 சென்ட்!

கோனி ஐலண்ட் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பலகைதான். அந்தக் கடற்கரையில் எதைக் காட்டினாலும் காசு பார்க்கலாம் என்று கண்டுகொண்ட ஆட்கள் அங்கே கடை போட்டவர்கள்.

1884இல் லமார்க்கஸ் தாம்சன் அங்கே ஒரு ரோலர் கோஸ்டர் போட்டார். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்கூட இல்லை, சைக்கிள் முந்திவிடும். வண்டி ஒரு மேடையிலிருந்து சறுக்கி மறுகோடிக்குப் போகும். அங்கே எல்லோரும் இறங்கிக்கொள்ள, ஆட்கள் வண்டியைத் தள்ளித் திரும்பிவரும் தண்டவாளத்தில் ஏற்றுவார்கள். இதற்கு 5 சென்ட், வரிசையும் உண்டு. 1895இல் பால் பாய்ட்டன் தன் விளையாட்டுகளைச் சுற்றி வேலி அடைத்து, வாசலிலேயே நுழைவுக் கட்டணம் வாங்கினார். அப்புறம் 1903இல் லூனா பார்க், 1904இல் டிரீம்லேண்ட் என்று இன்னும் இரண்டு கேளிக்கைப் பூங்காக்கள். வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்திருந்தவர்கள் அங்கே லட்சக்கணக்கான மின்விளக்குகளை வாய் பிளந்து பார்த்தார்கள்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த கடைக்கு வருகிறேன். ராட்டினங்களுக்கு நடுவே மார்ட்டின் கௌனி என்பவர் கண்ணாடிப் பெட்டிகளில் குறைமாதக் குழந்தைகளை வைத்திருந்தார். நிஜக் குழந்தைகள்! குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் இந்தப் பெட்டியை, அதாவது இன்குபேட்டரை, வாங்கப் பெரும்பாலான மருத்துவமனைகள் முன்வராத காலம் அது. பார்வையாளர்களிடம் 25 சென்ட் வாங்குவார். பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கமாட்டார். தாதி ஒருவர் தன் மோதிரத்தைக் கழற்றிக் குழந்தையின் மணிக்கட்டில் வளையல்போல மாட்டிக் காட்டுவாராம். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். கௌனி முறையாகப் படித்த டாக்டர்தானா என்பதே சந்தேகம். ஆனால் 1907இல் அவருடைய மகளே குறைமாதத்தில் பிறந்தபோது, அவளையும் அதே பெட்டியில்தான் வைத்தார். அவள் பிழைத்து, வளர்ந்து, அங்கேயே தாதியாக வேலை பார்த்தாள்.

1911 மே 27 விடியற்காலையில் டிரீம்லேண்ட் எரிந்தது. 'நரக வாசல்' என்ற படகு விளையாட்டைப் பழுதுபார்க்கக் காய்ச்சிய தார் கொட்டியதால் பற்றிய தீ. (பெயர் வைத்தவர் வாய்முகூர்த்தம்!) அங்கே கௌனி வைத்திருந்த குழந்தைகள் கருகிவிட்டதாகப் பத்திரிகைகள் அவசரப்பட்டு எழுதின. உண்மையில் எல்லாக் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றியிருந்தார்கள். போய்ச் சேர்ந்த இடம் மருத்துவமனை இல்லை. பக்கத்து லூனா பார்க்கில் இருந்த இன்குபேட்டர்கள்.

டிரீம்லேண்டை மறுபடி கட்டவில்லை. 1920இல் சுரங்க ரயில் வந்ததும் 5 சென்டில் நகரமே கடற்கரைக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டு எழுந்த 150 அடி வொண்டர் வீல் ராட்டினமும், 1927இல் வந்த மரத்தடம் கொண்ட சைக்ளோன் ரோலர் கோஸ்டரும் இன்றும் ஓடுகின்றன. லூனா பார்க் 1944இல் எரிந்தது. ஸ்டீபிள்சேஸ் 1964 வரை தாக்குப்பிடித்தது.

கௌனியின் கடையை மூடவைத்தது தீ இல்லை. 1943இல் நியூயார்க்கின் பெரிய மருத்துவமனை ஒன்று குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு திறந்தது. அதே ஆண்டு அவர் தன் கடையை மூடிவிட்டார்.