வடக்கன்குளம்: ஒரு பீடம், இரண்டு கைகள்

பெரியவர்களே, தாய்மாரே, நாற்காலி இருந்தும் பின்னால் நின்றுகொண்டுதான் கேட்பேன் என்று நிற்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கிராமத்துப் பங்கு ஒன்றின், அதாவது ஒரு கத்தோலிக்கக் கோவிலும் அதைச் சேர்ந்த மக்களுமான கூட்டத்தின், வரலாற்றையும் வளர்ச்சியையும் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தை எடுத்துக்கொண்டேன். வளர்ச்சி என்றதும் நமக்கு யூபிலி மலர்தான் ஞாபகம் வரும். எந்தச் சாமியார் எத்தனை வருஷம் இருந்தார், கோபுரம் எத்தனை அடி, கெபி யார் உபயம், மைக் செட் யார் உபயம். அதெல்லாம் இருக்கட்டும். பூசை நேரத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை எந்த மலரிலும் போடமாட்டார்கள். வடக்கன்குளத்தின் கதையை அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

முதலில் இடத்தைப் பாருங்கள். மேற்கே மலை. அந்த மலை விட்டுக்கொடுக்கும் இடம் ஆரல்வாய்மொழிக் கணவாய். இன்றைக்குக் காற்றாலைகள் சுற்றுகிற அதே காற்று அன்றைக்கும் அந்த வழியாகத்தான் வந்தது. அந்தக் காலத்தில் கணவாய்க்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர், இந்தப் பக்கம் வேறு ஆட்சி. ராஜாவுக்குப் பயந்தவன் ராத்திரியோடு ராத்திரியாகக் கணவாயைத் தாண்டி வந்தால் வந்து சேருகிற ஊர்களில் ஒன்று வடக்கன்குளம். எல்லையில் இருக்கும் ஊருக்கு ஒரு வசதி உண்டு, ஓடி வருகிறவர்களுக்கு அது அடைக்கலமாகிவிடும். அதனாலேயே அதற்குத் தொந்தரவும் உண்டு.

நம் பக்கத்துக் கத்தோலிக்கம் கடற்கரையில் தொடங்கியது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். ஆனால் கடற்கரையில் இருந்த போர்த்துக்கீசியர் பாதுகாப்பு உள்நாட்டில் கிடையாது. கப்பல் வந்து காப்பாற்றாது. இங்கே ஒவ்வொரு குடும்பமாக, சில நேரம் ஒவ்வொரு ஆளாகத்தான் வளர்ந்தது. 1680இல் ஒரு நாடார் பெண் மனம் மாறியதோடுதான் வடக்கன்குளத்தின் முதல் கிறிஸ்தவக் கூட்டம் தொடங்குகிறது. 1685இல் அது நிலையான மிஷன் ஆகிறது. அஸ்திவாரத்தில் ஒரு பெண் இருக்கிறாள், கவனியுங்கள்.

இங்கே பனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. பனையேறி விடியுமுன் மரத்தில் இருக்க வேண்டும், சாயங்காலமும் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று பாளைக்குத் தெரியாது. சீவாமல் விட்டால் பதநீர் நின்றுபோகும், கருப்பட்டி கிடையாது, வருஷக் கஞ்சி போச்சு. ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கம் வைத்த வெளிநாட்டுச் சாமியாருக்கு இது புரிய எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. சாமியாரும் அடிக்கடி வருகிறவர் இல்லை. பங்கை நடத்தியது உபதேசியார். அவர் செபம் சொல்லிக்கொடுத்தார், சாவுக்கு நின்றார், கல்யாணத்துக்கு விசாரித்தார்.

சரி, இப்போது 1745க்கு வருவோம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவலர். குளச்சல் போரில் 1741இல் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அதே ராஜாவிடமே வேலைக்குச் சேர்ந்தார், அவர் வாயிலாக நீலகண்டன் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஞானஸ்நானம் வேண்டும். திருவிதாங்கூருக்குள் யார் கொடுப்பார்கள்? கணவாயைத் தாண்டினார். 1745 மே 14, வடக்கன்குளம், புத்தாரி என்ற சேசு சபைச் சாமியார். லாசரு என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். கைது, எருமை மேல் ஏற்றி ஊர்வலம், 1752 ஜனவரி 14இல் காற்றாடி மலையில் துப்பாக்கிச் சூடு. கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம்.

அவருடைய மனைவியை நாம் அதிகம் பேசுவதில்லை. பார்கவி அம்மாள் கணவரைத் தொடர்ந்து வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார். புருஷன் போன பிறகு அவர் திருவிதாங்கூருக்குத் திரும்பவில்லை. வடக்கன்குளத்திலேயே கடைசிவரை இருந்தார், அங்கேயே அவரைப் புதைத்தார்கள். அரண்மனைச் செல்வாக்குள்ள வீட்டில் வாழ்ந்த அம்மா, சொந்தம் பந்தம் இல்லாத ஊரில் விதவையாக ஒரு பங்கின் நடுவே வாழ்ந்து முடித்திருக்கிறார். புனிதருக்குக் கட்டுகிற மண்டபத்தில் பாதியாவது இவருக்கும் கட்டலாம்.

அந்த ஞானஸ்நானத்துக்கு எட்டு மாதம் முன்னால், 1744 செப்டம்பரில், திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் மலபார் சடங்குகள், அதாவது தென்னிந்தியக் கத்தோலிக்கர் பின்பற்றிய உள்ளூர் வழக்கங்கள் பற்றி ஓர் ஆணை வெளியிட்டிருந்தார். குலம் எதுவானாலும் கத்தோலிக்கர் எல்லோரும் ஒரே கோவிலில் ஒரே நேரத்தில் பூசை காணவேண்டும் என்பது அதில் ஒரு விஷயம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் ஒரு நீண்ட இருட்டு. 1759இல் போர்த்துகல் தன் ஆட்சிக்குட்பட்ட இடங்களிலிருந்து சேசு சபையாரை விரட்டியது. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமென்ட் சபையையே கலைத்தார். பிரெஞ்சு சேசு சபையார் வடக்கன்குளமும் அடங்கிய மதுரை மிஷனுக்குத் திரும்ப வந்தது 1838இல். இடையில் கோவாவிலிருந்து வந்த சில குருக்கள் இவ்வளவு பெரிய பரப்பைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், நடந்தே சாகவேண்டிய தூரம். பங்கைக் காப்பாற்றியது ஊரார். கோவில் சாவி, திருவிழா, தேர், முதல் மரியாதை எல்லாம் ஊரில் செல்வாக்குள்ள குடும்பங்களின் கைக்குப் போனது. வடக்கன்குளத்தில் அது வெள்ளாளக் குடும்பங்கள், பிள்ளைமாரும் முதலிமாரும். சாமியார் இல்லாத காலத்தில் விளக்கு அணையாமல் பார்த்தவர்கள் அவர்கள். அதே கையால்தான் இடத்தையும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்று மாறியது. நாடார்கள் கருப்பட்டி வியாபாரத்தில் முன்னேறினார்கள், படித்தார்கள், தொகையிலும் கூடினார்கள். சுற்றிலும் சீர்திருத்த சபைகள். 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு, 1841 முதல் இடையன்குடியில் கால்டுவெல். கணவாய்க்கு அந்தப் பக்கம் தோள்சீலைக் கலகம். 1859இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று பிரகடனம் செய்யவேண்டி வந்தது. இத்தனையும் நடக்கும்போது, கோவிலுக்குள் மட்டும் நாங்கள் ஏன் ஒதுங்கி நிற்கவேண்டும் என்று கேட்காமல் இருப்பார்களா? கேட்டார்கள். சண்டை வந்தது.

அந்தச் சண்டைக்குச் சாமியார்கள் கண்டுபிடித்த பதில்தான் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம். பிள்ளைகளே, நீங்கள் ஓணான் அடிக்க வைத்திருப்பீர்களே கவட்டை, அந்தக் கவட்டையைத் தரையில் படுக்கப் போட்டமாதிரி ஒரு கோவில். இரண்டு நீளமான கைகள். இரண்டும் சேருகிற முனையில் பீடம். ஒரு கையில் வெள்ளாளர், மறு கையில் நாடாரும் மற்றவர்களும். நடுவில் தடுப்பு. இந்தக் கையில் இருப்பவருக்குப் பீடம் தெரியும், சாமியார் தெரிவார். அந்தக் கையில் முழங்கால் போட்டிருப்பவர் தெரியமாட்டார்.

1744 ஆணையை இப்போது நினைத்துப் பாருங்கள். ஒரே கோவில், சரி. ஒரே நேரம், சரி. ஒரே பூசை, அதுவும் சரி. எழுத்துக்கு ஒரு குறையும் இல்லை! கட்டடக்கலையை வைத்து ரோமுக்கும் பதில் சொல்லியாயிற்று, ஊருக்கும் பதில் சொல்லியாயிற்று.

சாமியார்களைத் திட்டுவது எளிது. தடுப்பு கூடாது என்றால் ஒரு கூட்டம் கோவிலைப் பூட்டும். தடுப்பு வேண்டும் என்றால் இன்னொரு கூட்டம் நாலு மைல் நடந்து சீர்திருத்த சபையின் வேதக்கோவிலில் போய் உட்காரும். இரண்டு ஆட்டையும் தொழுவத்தில் வைத்துக்கொள்ள நடுவில் வேலி போட்டார்கள். பங்கு உடையவில்லை, உண்மைதான். தலைக்கணக்கு ஏறியது, அதுவும் உண்மைதான். வளர்ச்சிக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைச் செங்கல்லில் எழுதி வைத்த பங்கு வடக்கன்குளம். மற்ற ஊர்களில் இதே விலையைக் கயிறு கட்டியும், வாசலைப் பிரித்தும், கல்லறைக்கு நடுவே சுவர் வைத்தும் கொடுத்தார்கள். இங்கே கோவிலின் வடிவமே அதுவானதால் யாராலும் மறைக்க முடியவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் அப்படியே போயிற்று. 1910இல், கௌசானல் அடிகளார் பங்குத்தந்தையாக இருந்தபோது, தடுப்பை இடித்தார்கள். இந்தக் கௌசானல்தான் 1903இல் பாளையங்கோட்டையில் இருதய சபைச் சகோதரர்களைத் தொடங்கியவர், இராமநாதபுரம் முத்துப்பேட்டையில் அவர் பெயரில் இன்று கல்லூரி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர், பிடிவாதக்காரர். இடித்த கையோடு வழக்கு வந்தது. எங்களுடைய இடம் எங்களுக்கே வேண்டும் என்று வெள்ளாளர் தரப்பு கேட்டு, அது சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. கோவிலுக்குள் தனியிடம் என்று ஓர் உரிமை கிடையாது, தீட்டு என்ற காரணத்தைக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றத்தில் வந்து சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பீடத்தடியில் தீர்க்கவேண்டியதை நீதிபதியிடம் கொண்டுபோய்த் தீர்த்துக்கொண்டோம். எனக்கு அதில் கொஞ்சம் வெட்கம்தான்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. கிறிஸ்தவருக்குத் தீட்டு இல்லை என்ற வாதம் அன்றைக்குச் சுவரை இடித்தவர்களுக்குக் கைகொடுத்தது. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை அதே தடத்தில் போய், கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதியினர் பட்டியலில் சேர்க்கவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, இவர்களுக்கு இல்லை. 'உங்கள் மதத்தில் சாதி இல்லையே' என்று சட்டம் கேட்கிறது. கோவிலுக்குள் போய்ப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். வடக்கன்குளத்துச் சுவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற நாம், அந்தச் சண்டை வெள்ளாளரும் நாடாரும் போட்ட சண்டை என்பதையும், அதில் தலித் கிறிஸ்தவர் கேட்ட இடம் எது என்று அப்போது யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிர்வாக விஷயத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரை மிஷன் திருச்சி மறைமாவட்டம் ஆனது. அதிலிருந்து 1923இல் தூத்துக்குடி பிரிந்தது, பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை முதல் ஆயர். லத்தீன் வழிபாட்டு முறையில் நம் நாட்டவர் ஒருவர் ஆயரானது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. கணவாய்க்கு அந்தப் பக்கம் 1930இல் கோட்டாறு தனி மறைமாவட்டம் ஆனது. தேவசகாயம் தாண்டி வந்த எல்லை இப்போது இரண்டு ஆயர்களுக்கு நடுவே இருக்கும் எல்லை. சுற்றுவட்டாரக் கிளைகள் ஒவ்வொன்றாகத் தனிப் பங்காகப் பிரிந்துபோயின. தாய்ப்பங்குக்கு அது சந்தோஷம், ஆனால் ஊர்வரி குறைந்துபோச்சே என்று கமிட்டிக்காரர்கள் முணுமுணுத்திருப்பார்கள். எந்த ஊரில் முணுமுணுக்காமல் இருந்தார்கள்?

தேவசகாயத்துக்கு 2012இல் அருளாளர் பட்டம் கொடுத்தபோது பெயர் தேவசகாயம் பிள்ளை என்றே இருந்தது. சாதிப் பட்டம் எதற்கு என்று எதிர்ப்பு எழுந்தது. 2020இல் வத்திக்கான் அந்த வாலை எடுத்துவிட்டது. 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது வெறும் தேவசகாயம். மே 14இல் ஞானஸ்நானத்தில் வாங்கிய பெயர், 277 வருஷம் ஒரு நாள் கழித்து அவருக்கு முழுசாகத் திரும்பக் கிடைத்தது.

முடிக்கும் முன்னால் என் பாட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுவர் இடிந்த பிறகு பிறந்தவள் அவள். தடுப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் வடக்கன்குளத்துக்குத் திருவிழாவுக்குப் போனால் அவளுடைய அம்மா உட்கார்ந்த அதே கையில்தான் போய் உட்காருவாள். நான் சின்னப் பையன், அந்தப் பக்கம் காத்து நல்லா வருது, வா பாட்டி என்று இழுப்பேன். வரமாட்டாள். யாராவது ஏதாவது சொல்வார்களா என்று கேட்டேன். 'ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ' என்றாள். அப்புறம் ஏன் என்றேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, 'அங்க இருந்தா எனக்குப் பூசை கேட்காதுய்யா' என்றாள்.