டீலோஸ் தீவில் ஒரு முற்பகல்

நேயர்களுக்கு வணக்கம். ஈஜியன் கடலில், மிக்கொனோஸ் தீவிலிருந்து படகில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது டீலோஸ். அப்பல்லோ கடவுள் பிறந்த மண் என்று கிரேக்கர் கொண்டாடிய தீவு. பயணிகள் இங்கே இரவு தங்க முடியாது. சிறு கப்பலில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு முற்பகல்தான் கிடைக்கும்.

முதலில் காற்று. ஜூலை, ஆகஸ்டில் வடக்கேயிருந்து மெல்தெமி என்ற காற்று வீசும். பொழுது ஏற ஏற வலுக்கும், அதனால் காலையிலேயே இறங்கிவிடுங்கள். கப்பல் தள்ளி நங்கூரம் போட்டால் சிறு படகில்தான் கரைக்கு வர வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கும். அது மேலே வரும் நொடியில் காலை எடுத்துக் கரையில் வையுங்கள். தாழும்போது வைத்தால் இடறும். மாலுமியின் விரலைப் பிடிக்காதீர்கள், ஈரத்தில் வழுக்கும். முன்கையைப் பிடியுங்கள். பை முதுகில் இருக்கட்டும்.

இறங்கியதும் கூட்டம் இடப்பக்கம், கோயில்களை நோக்கிப் போகும். நீங்கள் வலப்பக்கம் திரும்பி, வெயிலுக்கு முன்பே கிந்தோஸ் குன்றில் ஏறிவிடுங்கள். உயரம் 110 மீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் நிழல் கிடையாது. உச்சி வெயிலுக்கு அதை ஒத்திவைத்தவர்கள் பாதியில் திரும்புவார்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர் என்றதும் சொல்கிறேன், இந்தத் தீவை அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத தீவு. கி.மு. 166-இல் ரோம் இதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கியதும் வணிகர்கள் வந்து குவிந்தார்கள். அத்தனை பேருக்கும் குடிக்க? மழைதான். நாடக அரங்கின் படிவரிசைகளைப் பாருங்கள். சரிவில் விழும் மழை கீழே வடிந்து, பக்கத்திலேயே பெரிய நிலத்தடித் தொட்டியில் சேரும். தொட்டியின் கூரையைத் தாங்கிய கல் வளைவுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. வீடுகளிலும் இதே ஏற்பாடுதான்: கூரைநீர் முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து அடியில் இருக்கும் தொட்டிக்கு. மதுக் கடவுள் டயோனிசஸின் பெயரால் அழைக்கப்படும் வீட்டில் எல்லாரும் சிறுத்தைமேல் அமர்ந்த அந்தக் கடவுளின் வண்ணக்கல் ஓவியத்தைப் படம் பிடிக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் முற்றத்துத் தரைதான். எந்த வீட்டில் நுழைந்தாலும் தொட்டியின் வாய் எங்கே என்று தேடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், முதலில் தொட்டியின் வாயைத் தேடுங்கள். வீட்டின் அமைப்பு உடனே பிடிபடும்.

நேரம் முடியப்போகிறது என்று கைகாட்டுகிறார்கள். சிங்கங்களைப் பற்றிச் சுருக்கமாக: நக்ஸோஸ் தீவு மக்கள் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் வைத்த பளிங்குச் சிங்கங்கள் அவை. வெளியே நிற்பவை நகல்கள், அசல் அருங்காட்சியகத்தில். அவை பார்த்து நின்ற புனித ஏரியை, மலேரியாவுக்கு அஞ்சி 1920-களில் வற்றவைத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பள்ளத்தில் பனை வகை மரம் ஒன்று நிற்கிறது. அங்கிருந்து படகுத்துறைக்கு நடக்கக் கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.