மைக்கை ஆன் செய்ய மறந்த நாள்

வணக்கம். இந்த வீடியோவுக்காக இதையெல்லாம் நேற்றே ஒருமுறை பேசிவிட்டேன். 40 நிமிடம் பேசி முடித்த பிறகுதான் மைக்கை ஆன் செய்யவே இல்லை என்று தெரிந்தது. என்னை நானே திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே சொல்ல முடியாது. போன மாதம் நண்பன் ஒருவன் இதே தவறைச் செய்துவிட்டுப் புலம்பினான். அவனிடம், "விடுடா, யாருக்குத்தான் நடக்காது!" என்றேன். அவனுக்கு ஒரு நாக்கு, எனக்கு ஒரு நாக்கு.

கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர், தன்மேல் ஒருவருக்கு எவ்வளவு பரிவு இருக்கிறது என்று அளக்க 2003-இல் 26 வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். இந்தப் பரிவைச் சுயபச்சாதாபத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். "எனக்கு மட்டும் ஏன்?" என்பது சுயபச்சாதாபம். பரிவுக்கு அந்த 'மட்டும்' கிடையாது.

2013-இல் அவரும் எலிசபெத் பொமியரும் கல்லூரி மாணவர்கள், வயதில் மூத்த பொதுமக்கள், தியானம் பழகுபவர்கள் என மூன்று தரப்பினரை ஆராய்ந்தார்கள். தன்மேல் பரிவு கூடுதலாக உள்ளவர்கள் மூன்று தரப்பிலும் அடுத்தவர் கோணத்தில் பார்ப்பதிலும் மன்னிப்பதிலும் முன்னே நின்றார்கள். பிறர் துயரம் கண்டு தாங்களே நிலைகுலைவதும் குறைவாக இருந்தது. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிச் செய்திதான். தன் வலியோடு உட்கார முடியாதவன் அடுத்தவன் வலியைப் பார்த்தால் என்ன செய்வான்? சட்டென்று ஒரு ஆறுதலைச் சொல்லி வாயை அடைப்பான். (மாணவர்களிடம் மட்டும் பிறர்மீதான அக்கறைக்கும் தன்மேல் உள்ள பரிவுக்கும் தொடர்பு தெரியவில்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன்.)

"அவன் இடத்தில் உன்னை வைத்துப் பார்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உளவியலாளர் டேனியல் பாட்சன் குழு 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரை இழந்த ஓர் இளம்பெண்ணின் பேட்டியை மாணவர்களை ஒலிப்பதிவில் கேட்கச் செய்தது. 'அவளுக்கு எப்படி இருக்கும்' என்று எண்ணியவர்களுக்குப் பெரும்பாலும் இரக்கம் சுரந்தது. 'அவள் இடத்தில் நான் இருந்தால்' என்று எண்ணியவர்களுக்கு இரக்கத்தோடு சொந்தக் கலக்கமும் சேர்ந்துகொண்டது. கலங்கியவனுக்குத் தன்னைத் தேற்றிக்கொள்ளும் வேலையே பெரிது.

நேற்று இரவு அந்த நண்பனை அழைத்து, அன்று அவனுக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்டதே அப்போதுதான்.

"வீடியோ போனதுகூடப் பரவாயில்லை. நீ விடுடா என்றதும் பேச்சு முடிந்துவிட்டது, அதுதான்" என்றான்.

பிறகு அரை மணி நேரம் அவன் பேசினான். நான் பேசவில்லை.