ராஸ்பெர்ரி பையில் மஞ்சள் விலை போர்டு: எழுத்து உடையாமல் ஓட்டுவது எப்படி?

[காட்சி: மேசையில் இரண்டு பேனல், ராஸ்பெர்ரி பை, பவர் சப்ளை]

வணக்கமுங்க. ஈரோட்டு மஞ்சள் மண்டி வாசல்ல விரலி விலை, கிழங்கு விலை ஓடுற மாதிரி ஒரு எல்இடி போர்டு பண்ணலாம்.

பேனல் ரெண்டு வேணும். பி5 (புள்ளிக்குப் புள்ளி 5 மில்லிமீட்டர்), 64க்கு 32 புள்ளி, ஹப்75 இணைப்பு வகை. ரெண்டையும் சேர்த்து வச்சா ரெண்டடிக்குக் கொஞ்சம் மேல அகலம் வரும். கூடவே ராஸ்பெர்ரி பை 4ங்கிற கையடக்கக் கணினி. ஐந்தாவது மாடல்ல பின்களை இயக்குற சிப்பே வேற, அதனால இதே செட்டப் அப்படியே பொருந்தாதுங்க.

[காட்சி: பேனலின் பின்பக்கம், வயர் முனைகள்]

முழு வெள்ளை எரிஞ்சா ஒரு பேனல் 4 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கணக்குக்குச் சரி, ஆனா 20 ஆம்பியரே வாங்கிருங்க. பைக்குத் தனி அடாப்டர். ஒவ்வொரு பேனலுக்கும் எஸ்எம்பிஎஸ்ல இருந்தே தனி வயர் போகணும். ஒல்லி வயர்ல ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு இழுத்தா கடைசிப் பேனல்ல வெள்ளை செவந்து போயிரும். நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட வோல்ட் அதிகம் வேணும், அதனால அது ரெண்டும் முதல்ல மங்கும்.

பை தர்ற சிக்னல் 3.3 வோல்ட், பேனல் கேக்குறது 5. நடுவுல 74எச்சிடி245 சிப் வச்ச அடாப்டர் போர்டு போடலைன்னா புள்ளி புள்ளியா தெறிக்கும். ரிப்பன் கேபிளை அம்புக்குறி உள்ளே காட்டுற சாக்கெட்டுல சொருகுங்க.

[திரையில்: கட்டளைகள்]

பேனலை ஓட்டுற rpi-rgb-led-matrix லைப்ரரியைப் போட்டதும் பையோட ஆடியோவை அணைச்சிருங்க. ஆடியோவும் போர்டும் ஒரே டைமர் வன்பொருளைப் பிடிக்குது. சிக்னல் வேகத்தைக் குறைக்கிற ஸ்லோடவுன் மதிப்பு 4. இன்னும் மினுக்குனா ப்ராசசரோட நாலாவது கோரை இதுக்குன்னே ஒதுக்கிருங்க.

[காட்சி: "ஈரோடு" உடைந்து ஓடுகிறது]

இனிதான் உண்மையான வேலை. "ஈரோடு"ன்னு அடிச்சா ஈ மட்டும் ஒழுங்கா வரும். ரோ-வோட கொம்பு ர-வுக்குப் பின்னாடி போய் நிக்கும், டு-வோட உகரம் தனியாத் தொங்கும். லைப்ரரியோட எழுத்து நிரல் குறியீடுகளை வந்த வரிசையில வைக்கும், அவ்வளவுதான். தமிழைச் சேர்த்து எழுத அதுக்குத் தெரியாதுங்க.

அதனால பைத்தான்ல பில்லோங்கிற பட லைப்ரரியை வச்சு வரியைப் படமா வரைஞ்சு, அந்தப் படத்தை நகர்த்துங்க. பில்லோவுல எழுத்துகளைச் சேர்த்து அமைக்கிற ரக்ம் வசதி இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா படத்துலயும் இதே கூத்துதான். நோட்டோ சான்ஸ் தமிழ், தடித்த எழுத்து, கிட்டத்தட்ட 22 புள்ளி உயரம், கறுப்பு வெள்ளைப் படம். ரெண்டு வரி வேணும்னு 16 புள்ளிக்குச் சுருக்காதீங்க, "மஞ்சள்"ல ஞ-வோட சுழி அடைச்சுக்கும்.

ஃபான்ட் இருந்தும் திறக்க முடியலைன்னு பிழை வருதா? நிரலை ரூட்டா (முழு உரிமையோட) ஓட்டினாலும் பேனல் தொடங்கினதும் லைப்ரரி அந்த உரிமையை விட்டுரும். அப்புறம் உங்க ஹோம் ஃபோல்டரைப் படிக்க முடியாம போகலாம். ஃபான்டைப் பேனலுக்கு முன்னாடியே ஏத்துங்க.

கடையைச் சாத்தும்போது மெயின் சுவிட்ச்சைத்தான் தட்டுவாங்க, யாரும் ஷட்டவுன் குடுக்கப் போறதில்லை. எல்லாம் ஓடினதுக்கு அப்புறம் ஓவர்லே முறையை (எழுதுறது கார்டுக்குப் போகாம தற்காலிக நினைவகத்துல நிக்கும்) ஆன் பண்ணிட்டா எஸ்டி கார்டு கெடுற வாய்ப்பு குறையும். ஆனா ராத்திரி அணைச்சா அன்னைக்குப் போட்ட விலையும் போயிரும், காலையில திரும்பப் போடணுங்க.