சல்லடை ஃபைல் திரும்பி வந்துவிட்டது, அப்புறம் அந்த எலிப் பல்

எல்லோருக்கும் வணக்கம். இமாச்சலில் உள்ள ஹரிதல்யங்கர் பற்றிய வீடியோவின் இரண்டாம் பாகம் இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். இன்றைக்குச் சல்லடையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஆமாம், மறுபடியும் சல்லடைதான். மண் சலிக்க நான் கேட்ட நான்கு சல்லடைக்கான ஃபைல் நேற்று அலுவலகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது.

ஓரத்தில் பச்சை மையில் இரண்டே வரி. "சென்ற ஆண்டு ஒரு சல்லடை வாங்கப்பட்டுள்ளது. மேலும் நான்கு எதற்கு?" அவ்வளவுதான். இந்த ஃபைல் நகர வேண்டும் என்றால் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும், மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து அட்டவணை போட வேண்டும், கைடு கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, அப்புறம் பர்ச்சேஸ், அப்புறம் அக்கவுண்ட்ஸ். மூன்றில் குறைந்த கொட்டேஷனே சல்லடை ஒன்றுக்கு 3,150 ரூபாய், ஜிஎஸ்டி தனி. நான்குக்கு 12,600. மழைக்காலம் முழுக்க இதற்காகத்தான் காத்திருந்தேன்.

நான்கு எதற்கு என்றால், நான் மண் எடுக்கும் இடங்கள் நான்கு. ஒரு இடத்து மண் சலித்த சல்லடையில் இன்னொரு இடத்து மண் படக்கூடாது. சரி, இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், புதிதாக வந்தவர்களும் இருக்கிறீர்கள்.

இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மலைப் பாறைகளில் பாலூட்டிகளின் புதைபடிவங்களைத் தேடுவதுதான் என் வேலை. பெரிய விலங்குகள் இங்கே எக்கச்சக்கம். ஃபால்கனரும் காட்லியும் 1836இல் பெயர் வைத்த சிவதீரியம், அந்தப் பெரிய கொம்புள்ள ஒட்டகச்சிவிங்கிச் சொந்தம், இந்த மலைக்காரர்தான். நான் தேடுவது எலி, மூஞ்சூறு, முள்ளெலி. அவற்றின் எலும்பு பெரும்பாலும் நொறுங்கிப் போய்விடும். மிஞ்சுவது பல்தான், எனாமல் கெட்டியாக இருப்பதால். முதல் கடைவாய்ப் பல் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் பெரிது. கடைசிப் பல் எள்ளை விடச் சின்னது. மலையில் குனிந்து தேடினால் கண்ணில் படாது. மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி வந்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அதை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் களிமண் கரைந்து கூழாகிவிடும். அந்தக் கூழைச் சல்லடையில் அலச வேண்டும். தங்கியதைக் காயவைத்து, ட்ரேயில் ஒரு ஸ்பூன் பரப்பி, மைக்ரோஸ்கோப்பின் கீழே ஈரப் பிரஷ் நுனியால் ஒவ்வொரு மணலாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். மூட்டைக் கணக்கில் மண் அலசி ஒரு பல்கூடக் கிடைக்காத நாட்கள்தான் அதிகம்.

மண்ணெண்ணெய் விஷயம் போன வீடியோவிலேயே கேட்டிருந்தீர்கள். மண் துளிக்கூட ஈரமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஈரம் இருந்தால் மண்ணெண்ணெய் உள்ளே போகாது, கட்டி கட்டியாகவே நிற்கும்.

சரி, சல்லடைக்கு வருகிறேன். சல்லடையின் வலையும் விளிம்பும் சேரும் இடத்தில் ஒரு இடுக்கு இருக்கும். பல் போய் உட்காருவது அங்கேதான். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ஒன்றிரண்டு மணல் அந்த இடுக்கில் தங்கிவிடும். ஒரு இடத்தின் மண் 1.3 கோடி ஆண்டு பழையது, இன்னொன்று 90 லட்சம் ஆண்டு. இளைய பல் ஒன்று பழைய மண்ணில் விழுந்துவிட்டால், உலகத்திலேயே பழைய எலி என்று நான் ஒரு கட்டுரை எழுதிவிடுவேன், அது தப்பாகப் போகும்.

நான் மிகைப்படுத்தவில்லை. மத்தியப் பிரதேசத்தில் டிக்கி என்ற பாறை அடுக்கு இருக்கிறது, 20 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது, டிரையாசிக் காலம். அங்கே கிடைத்த ஒரே ஒரு மேல் கடைவாய்ப் பல்லுக்கு 2005இல் டிக்கிதீரியம் என்று பெயர் வைத்தார்கள். பாலூட்டி வம்சத்தின் வேர்ப் பக்கத்து விலங்கு என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். 2024இல் அவெரியானோவ், வோய்ட்டா என்ற இரண்டு ரஷ்ய ஆய்வாளர்கள் அந்தப் பல்லின் அமைப்பை மறுபடியும் அலசி, இது நியோஜீன் காலத்து மூஞ்சூறின் பல் என்று எழுதினார்கள். நியோஜீன் என்றால் 2.3 கோடி ஆண்டுக்கு இந்தப் பக்கம். அப்படியென்றால் பின்னாளைய பல் ஒன்று எங்கேயோ அந்த மண்ணோடு சேர்ந்திருக்கிறது. பெயர் வைத்தவர் மீது எனக்குத் துளியும் குறை இல்லை. ஒற்றைப் பல்லை வைத்துக்கொண்டு வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கிற ஆபத்து அது. ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து, இடத்துக்கு ஒரு சல்லடை என்பதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இதைப் பச்சை மைக்காரருக்கு எப்படிப் புரியவைப்பது? ஒன்றரைப் பக்கம் எழுதி ஃபைலோடு வைத்திருந்தேன். படிக்கவில்லை.

இப்போது நல்ல செய்தி. கடைத்தெருவில், பாத்திரக் கடைக்குப் பின்னால், தகர வேலை செய்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். நான் அங்கிள்ஜி என்றுதான் கூப்பிடுவேன். மாவுச் சல்லடை, கோதுமைச் சல்லடை எல்லாம் அவர் கைவேலைதான். என் பழைய சல்லடையைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பிப் பார்த்தார், விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுச் சுரண்டினார், "இங்கே அழுக்கு சேருமே" என்றார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவராகவே சொன்னார்! ஒன்றரைப் பக்கம் எழுதியும் போய்ச் சேராதது அவருக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

அவர் செய்தது இதுதான், காட்டுகிறேன், கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். இரண்டு வளையம். நடுவில் வலை. உள் வளையத்தின் விளிம்பை வெளியே மடித்து அடித்து இறுக்கிவிட்டு, உள்பக்கம் சுற்றிலும் ஈயம் ஓட்டியிருக்கிறார். விரலை வைத்துப் பாருங்கள், இடுக்கே இல்லை. வழவழவென்று ஓடுகிறது. வலை ஒரு மீட்டர் 380 ரூபாய், நான்குக்கும் அதுவே போதும். தகரமும் கூலியும் சேர்த்து ஒன்றுக்கு 150. மொத்தம் 980 ரூபாய். நான்குக்கும் சேர்த்து! கொட்டேஷனில் ஒரு சல்லடையின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனக்கு இந்த மாதத்தில் இவ்வளவு சந்தோஷம் கொடுத்த விஷயம் வேறில்லை. சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று இடத்துக்கு ஒரு பெயிண்ட் அடித்துவிட்டேன்.

வலையின் கண் அளவு சொல்ல மறந்துவிட்டேன், அதைக் கேட்காமல் விடமாட்டீர்கள். 30 மெஷ். ஒரு அங்குலத்துக்கு 30 கண், ஒரு கண் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு மேல் பெரிதாகப் போனால் சின்ன மூஞ்சூறுப் பல் நழுவிவிடும். ஸ்டெயின்லெஸ் வலையே வாங்குங்கள், சாதாரணக் கம்பி துருப்பிடித்து மண்ணையே சிவப்பாக்கிவிடும்.

அங்கிள்ஜியிடம் ஜிஎஸ்டி பில் கிடையாது. அதனால் அந்த 980 என் கைக்காசு. சீனியர் ஃபெல்லோஷிப், அதாவது எனக்கு வருகிற ஆய்வு உதவித்தொகை, 2023 ஜனவரியிலிருந்து மாதம் 42,000 என்று காகிதத்தில் இருக்கிறது, வரும்போது மொத்தமாக வருகிறது, வராதபோது மாதக்கணக்கில் வருவதில்லை. வாடகைக்கு வீட்டுக்காரர் ஃபைல் போடச் சொல்வதில்லை. இதைப் பற்றித் தனி வீடியோ ஏற்கெனவே இருக்கிறது, மறுபடியும் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை.

சல்லடையை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. என் எலிப் பல் கட்டுரைக்கு ரிவியூ, அதாவது அதைப் படித்துப் பார்த்த மற்ற ஆய்வாளர்களின் கருத்து, வந்துவிட்டது! அந்த மேல் கடைவாய்ப் பல், நினைவிருக்கிறதா, மைக்ரோஸ்கோப் திரையில் காட்டினேனே, முன் வரிசையில் மூன்று மேடுகள் இருந்ததே, அது. எலிக் குடும்பத்தின் அடையாளமே நாக்குப் பக்கம் கூடுதலாக முளைத்த அந்த மேடுதான். பாகிஸ்தானில் பொட்வார் மேட்டுநிலத்தில் கிடைத்த ஆன்டிமஸ் என்ற பழைய எலியின் பல்லில் அது முளைக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம், லூயிஸ் ஜேக்கப்ஸ் 1978இல் எழுதியது. என் பல்லில் அது நன்றாகவே எழும்பியிருக்கிறது.

இரண்டாவது ரிவியூவர் கேட்ட முதல் கேள்வி: மேல் அடுக்கிலிருந்து இந்தப் பல் கலந்து வரவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நியாயமான கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சல்லடை, வாளி, ட்ரே எல்லாமே இடத்துக்குத் தனி என்று ஒரு பத்தி முழுக்க எழுதப்போகிறேன்.

முதல் ரிவியூவர் சொன்னதுதான் கஷ்டம். படத்தை வைத்து ஒப்பிட்டது போதாது, பொட்வார் மாதிரிகளை நேரில் பார்த்து ஒப்பிட வேண்டுமாம். அதுதான் சரியான முறை, மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சிவாலிக் பாறை எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பாறை. யேல் பல்கலைக்கழகமும், பின்னாளில் ஹார்வர்டும், பாகிஸ்தான் புவியியல் ஆய்வுத் துறையோடு சேர்ந்து 1973இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அங்கே வேலை செய்து, அடுக்கு அடுக்காகக் காலம் கணித்து வைத்திருக்கிறார்கள். சிவாலிக் எலிகளுக்கு அதுதான் உலக அளவுகோல். நான் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அங்கே போக முடியாது. ஃபால்கனர் காலத்துச் சேகரிப்பைப் பார்க்க லண்டன் போக வேண்டும். சல்லடைக்கே காசு தராத இடத்தில் விமான டிக்கெட்டுக்கு யாரிடம் கேட்பது? இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, ஒளிக்கவில்லை. நல்லவேளை, முப்பரிமாண ஸ்கேன் ஃபைல் அனுப்புகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கு எழுதினேன், ஒருவர் மறுநாளே அனுப்பிவிட்டார்.

"எலிப் பல்லுக்கு இவ்வளவா, டைனோசர் தேடலாமே" என்று ஒவ்வொரு வீடியோவிலும் யாராவது கேட்கிறீர்கள். டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்டன, சிவாலிக் பாறை அதற்கு வெகு காலம் பிந்தையது. பெரிய எலும்பு எங்கே கிடைத்தாலும் டைனோசர் என்று எழுதுகிற செய்திகள் எனக்கு அறவே பிடிக்காது. எலிப் பல்லின் மதிப்பு என்ன தெரியுமா? மரபணுக்காரர்கள் எந்த உயிர் எப்போது பிரிந்தது என்று கணக்குப் போட ஒரு தொடக்கத் தேதி வேண்டும். எலியும் சுண்டெலியும் பிரிந்தது சுமார் 1.2 கோடி ஆண்டுக்கு முன் என்று பல காலம் பயன்படுத்திய தேதி, சிவாலிக் பற்களிலிருந்து வந்ததுதான். 2015இல் யூரி கிமுரா குழு அதே பற்களை மறுபடி அளந்து, அந்தத் தேதி எலி-சுண்டெலி பிரிவுக்கு உரியதல்ல, சுண்டெலிக்கும் ஆப்பிரிக்கப் புல்லெலிக்கும் இடையிலான பிரிவுக்கு உரியது என்று காட்டியது. சோதனைக்கூடத்துச் சுண்டெலியை வைத்து எத்தனை கணக்கு நடக்கிறது! அத்தனைக்கும் அடியில் இருப்பது இந்தப் பற்கள்.

ஒற்றைப் பல் போதாது என்பவர்களுக்கு இன்னொன்று. ஜம்முவில் ராம்நகரில் 2015இல் ஒரு கீழ்க் கடைவாய்ப் பல் கிடைத்தது. அதைப் பொறுமையாக ஒப்பிட்டு, ஸ்கேன் செய்து, 2020இல்தான் வெளியிட்டார்கள். காபி ராம்நகரென்சிஸ், சுமார் 1.3 கோடி ஆண்டு பழைய, கிப்பன் வம்சத்து வாலில்லாக் குரங்கு என்று எழுதினார்கள். அந்தப் பொறுமைக்குத்தான் நம் ஊரில் இடம் கொடுப்பதில்லை. ஆண்டறிக்கையில் எத்தனை கட்டுரை என்றுதான் கட்டம் இருக்கிறது.

கடைசியாக, ஒரு தம்பி கேட்டிருந்தார், எங்கள் ஊர்ப் பக்கம் சாலை வெட்டும்போது எலும்பு மாதிரி ஏதோ தெரிகிறது, எடுத்து அனுப்பட்டுமா என்று. எடுக்காதீர்கள் தம்பி. அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதுதான் பாதிச் செய்தி, பிடுங்கிவிட்டால் அது போய்விடும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், தள்ளி நின்று மொத்தச் சரிவும் தெரிகிற மாதிரி இன்னொரு படம், ஃபோனில் லொக்கேஷன். மூன்றையும் பக்கத்துக் கல்லூரிப் புவியியல் துறைக்கு அனுப்புங்கள், எனக்கும் ஒரு காப்பி போடுங்கள். மழை வருவதற்குள் அனுப்பிவிடுங்கள்.