நீரால் ஆன கணினி

சேலத்துப் பெரியோர்களே, கல்லூரி மாணவ மாணவியரே, வணக்கம்.

நீரைக்கொண்டு கணக்கிடுவது புதிதன்று. 1936-இல் சோவியத் ஒன்றியத்தில் விளாதிமிர் லுக்யானோவ் அமைத்த கருவியும், 1949-இல் பொருளாதாரத்தை விளக்க பில் பிலிப்ஸ் அமைத்த கருவியும் நீரால் இயங்கியவையே. அவற்றில் நீர்மட்டத்தின் உயரமும் நீரோட்டத்தின் அளவுமே விடையாக இருந்தன. நான் இன்று பேச வந்தது வேறொரு வழியைப் பற்றி.

2006-இல் வெளிவந்த ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்னும் சிமுலேஷன் விளையாட்டை டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்னும் சகோதரர்கள் உருவாக்கினார்கள். குள்ளர்கள் மலையைக் குடைந்து கோட்டை கட்டும் அந்த உலகத்தில் கணினி என்ற பொருளே கிடையாது. ஆனால் நீரும், மதகும், பம்பும், நெம்புகோலும் உண்டு. அவற்றைக்கொண்டே நிரல் ஏற்றி இயக்கக்கூடிய கணினியை ஆட்டக்காரர்கள் கட்டியிருக்கிறார்கள்.

இது எப்படி முடிகிறது? அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் ஆழம் 0 முதல் 7 வரை அளக்கப்படுகிறது. தரையில் பதிக்கும் அழுத்தத் தகட்டை, ஆழம் 4 முதல் 7 வரை இருந்தால் மட்டுமே இயங்கும்படி அமைக்கலாம். மேட்டூரில் நீர்மட்டம் 120 அடியை எட்டி, உபரிநீர் 16 கண் மதகு வழியாகத் திறக்கப்பட்டதா இல்லையா என்பதுதான் கரையோர மக்களுக்கு முதல் செய்தி. தகடும் அவ்வாறே, படிப்படியாக உயரும் நீரை 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டே சொற்களாக்குகிறது. அதே தகட்டை 0 முதல் 3 வரை அமைத்தால் விடை தலைகீழாகிவிடும். ஒரே வாய்க்காலில் இரண்டு மதகுகளை அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் திறந்தால்தான் நீர் போகும்; இரண்டு வாய்க்கால்களில் தனித்தனியே வைத்தால் ஒன்று திறந்தாலே போதும். தர்க்கம் முழுவதற்கும் இவையே போதுமானவை.

ஆனால் இதில் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, நீரை வெளியேற்றும் வேலையை என்பேன். அறைக்குள் நீர் வருவதற்கு மட்டும் வழி செய்து வடிவதற்கு வழி செய்யாவிட்டால், ஒருமுறை 'ஆம்' என்ற தகடு என்றென்றும் 'ஆம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வேண்டாத இடத்தில் அது பழுது; வேண்டிய இடத்தில், வடிகாலுக்கும் ஒரு மதகு வைத்துவிட்டால், அதுவே நினைவகம். மேலும், மதகு கட்டளை பெற்று, விளையாட்டின் நேரம் நகரும் சிறு அலகுகளான காலப்படிகள் 100 கழித்தே அசைகிறது. அதன் பிறகே அறை நிரம்பத் தொடங்கும். சிலிக்கான் சில்லிலும் டிரான்சிஸ்டர் என்னும் நுண்சுவிட்சின் வாயிலில் மின்னூட்டம் நிரம்பவும் வடியவும் நேரம் பிடிக்கிறது. சில்லின் வேகத்துக்கு எல்லை வகுப்பவற்றுள் அதுவும் ஒன்று. பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் அந்தத் தாமதத்தை, நீர் நம் கண்ணெதிரே நடத்திக் காட்டுகிறது.

தொடங்க விரும்புவோர், 0 அல்லது 1 ஆக இருக்கும் இரண்டு இலக்கங்களைக் கூட்டும் அமைப்பிலிருந்து தொடங்குங்கள். இலக்கத்துக்கு ஓர் அறை; நிரம்பினால் 1, வடிந்தால் 0. அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்லும் மீதியைக் காட்ட, அறைக்கு ஒன்றாக அடுத்தடுத்த இரண்டு மதகுகள் போதும். கூட்டுத்தொகைக்கு, ஒவ்வோர் அறையிலும் நேர்த் தகடு (4 முதல் 7 வரை) ஒன்றும் எதிர்த் தகடு (0 முதல் 3 வரை) ஒன்றும் பதியுங்கள். முதலறையின் நேர்த் தகடும் இரண்டாம் அறையின் எதிர்த் தகடும் ஒரு வாய்க்காலின் இரு மதகுகளை ஆளட்டும், மற்ற இரண்டு தகடுகளும் மற்றொரு வாய்க்காலை ஆளட்டும், இரண்டு வாய்க்கால்களும் ஒரே விடையறையில் கலக்கட்டும்.